டர்போவுக்குப் பின்னால் இரண்டு அடி

பழைய டர்போ கார் வைத்திருப்பவர்கள் சைலன்சருக்குச் செலவழிக்கும் பணம் எங்கே போகிறது? எங்கே போக வேண்டும்?

2004-ல் ஸ்கோடா நிறுவனம் ஆக்டேவியா ஆர்எஸ் காரை இந்தியாவில் இறக்கியது. அன்றைக்கு இங்கே டர்போ என்றாலே டீசல் வண்டிதான் நினைவுக்கு வரும். பெட்ரோல் காரில் டர்போ என்பது வெளிநாட்டுப் பத்திரிகைகளில் படித்துப் பெருமூச்சு விடுகிற சமாச்சாரம். 1,781 சிசி இன்ஜின், சிலிண்டருக்கு ஐந்து வால்வு வீதம் நான்கு சிலிண்டருக்கு இருபது வால்வு, 150 குதிரைத்திறன், 210 நியூட்டன் மீட்டர் டார்க். ஐரோப்பாவில் விற்ற ஆர்எஸ் 180 குதிரைத்திறன் தந்தது. நமக்கு வந்தது அடக்கி வாசித்த வடிவம். அப்படியும், மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்கிற அனுபவத்தை நம் சாலைகளில் பலருக்கு முதன்முதலில் கொடுத்தது அந்த வண்டிதான்.

முதலில் வந்த அந்த கார்களுக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. விலை இறங்கி, மூன்றாவது நான்காவது கைக்கு வந்திருக்கின்றன. வாங்குகிறவர் பல நேரம் வண்டியைவிடச் சில வயதே மூத்த இளைஞர். வாங்கிய கையோடு அவர் செய்கிற முதல் வேலை, பின்பக்க பம்பருக்குக் கீழே இருக்கும் சைலன்சரை அறுத்தெடுத்துவிட்டு வாய் அகன்ற ஒன்றை மாட்டுவது. தெரு முழுக்கக் கேட்கிறது. ஆனால் குதிரைத்திறனை அளக்கும் டைனோவில் ஏற்றிப் பார்த்தால் முன்பிருந்ததற்கும் இப்போதைக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இருப்பதில்லை. சத்தம் கூடியதால் வேகமும் கூடிவிட்டது என்று காது நம்பிவிடுகிறது.

இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. ஏனென்றால் புகைக்குழாயை மாற்றினால் நல்ல பலன் கிடைக்கும் என்ற பேச்சு, டர்போ இல்லாத சாதாரண கார்களில் பெரும்பாலும் பொய். டர்போ கார்களில் முழு உண்மை. அந்தப் பலன் காத்திருக்கும் இடம் டர்போவை ஒட்டி, இன்ஜினுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவருக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறங்குகிற இரண்டடிக் குழாய். டவுன்பைப் என்றே நம் மெக்கானிக்குகளும் சொல்கிறார்கள். அங்கே கை வைக்க மெனக்கெட வேண்டும், கை சுடும், பெருமை காட்ட ஒன்றும் வெளியே தெரியாது. அதனால்தான் எல்லாரும் வாலைப் பிடிக்கிறார்கள்.

நிமிடத்துக்கு 23,000 லிட்டர்

150 குதிரைத்திறனை முழுதாக இறக்கும்போது ஒரு பெட்ரோல் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 7 கிலோ காற்றை உள்ளிழுக்கிறது. அதோடு எரிந்த பெட்ரோலும் சேர்ந்து ஏழரைக் கிலோ வாயு வெளியே வர வேண்டும். டர்பைனைத் தாண்டும்போது அதன் வெப்பம் சுமார் 800 டிகிரி செல்சியஸ். அந்த வெப்பத்தில் வாயு விரிந்து கிடக்கும். ஏழரைக் கிலோ என்பது நிமிடத்துக்கு 23,000 லிட்டர் ஆகிவிடும்.

இதை 2 அங்குலக் குழாய்க்குள் திணித்துப் பாருங்கள். வாயு மணிக்கு 670 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டியிருக்கும். குழாய் 2.5 அங்குலமானால் 430 கிலோமீட்டர் போதும். 3 அங்குலமானால் 300. வேகம் கூடக் கூட குழாய்ச் சுவரோடும் வளைவுகளோடும் நடக்கிற மல்லுக்கட்டு பல மடங்காகும். கணக்குப்படி, குழாயின் விட்டம் கால் பங்கு கூடினால் உராய்வில் இழக்கும் அழுத்தம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடும். அரை அங்குலம் அவ்வளவு பெரிய விஷயம்.

இதே வாயு வண்டியின் பின்முனைக்கு வரும்போது 300 டிகிரிக்கு இறங்கியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அதன் கொள்ளளவு ஏறத்தாழப் பாதி. அதாவது முன்னால் நெரிசலாக இருந்த கூட்டம் பின்னால் வரும்போது தானாகவே கலைந்துவிடுகிறது. தேர்த் திருவிழா முடிந்து கோயில் வாசலில் ஜனம் முட்டி மோதும்போது, தெருக்கோடியில் இருக்கிற கடைகளை அகற்றிப் பாதையை அகலமாக்கினால் யாருக்கு என்ன லாபம்? வாசலைத் திறக்க வேண்டும்.

டர்போ இல்லாத இன்ஜினில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு சிலிண்டரும் விடும் வாயுத் துடிப்பு அடுத்த சிலிண்டரின் கழிவை இழுத்துச் செல்லும்படி குழாய்களின் நீளமும் விட்டமும் அளந்து வைக்கப்பட்டிருக்கும். குழாயைக் கண்டபடி பெரிதாக்கினால் அந்த இழுவை போய்விடும். 'கொஞ்சம் பேக் பிரஷர் இருந்தால்தான் பிக்கப் வரும்' என்று ஒர்க்‌ஷாப்புகளில் வழிவழியாக வரும் பேச்சின் வேர் அதுதான். டர்போ காரில் அந்தத் துடிப்புகளைப் பெரும்பாலும் டர்பைனே உறிஞ்சிக்கொள்கிறது. அதைத் தாண்டிய பிறகு வாயுவிடம் எடுத்துக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை; அது எவ்வளவு சீக்கிரம் தொலைகிறதோ அவ்வளவு நல்லது. டர்பைன் சுழல்வதற்குக் காரணமே முன்பக்க அழுத்தத்துக்கும் பின்பக்க அழுத்தத்துக்கும் உள்ள விகிதம்தான். பின்பக்கம் இறங்கினால் அதே வாயுவில் டர்பைன் சீக்கிரம் வேகம் எடுக்கும். பூஸ்ட் சில நூறு ஆர்பிஎம் முன்னதாகவே வந்து சேரும்.

இன்னொரு நன்மை பலருக்குத் தெரிவதில்லை. பூஸ்ட் முழு அளவை எட்டிய பிறகு டர்பைனுக்குப் பின்னால் 0.2 பார் அழுத்தத்தைக் குறைத்தால், அதே பூஸ்டுக்கு விகிதம் மாறாதபடியால் டர்பைனுக்கு முன்னால் ஏறத்தாழ அதைப்போல் இரண்டு மடங்கு குறையும். முன்னால் குறைந்தால் சிலிண்டருக்குள் தங்கிப்போகும் சூடான கழிவு குறையும். கழிவு குறைந்தால், கலவை நேரம் தப்பிப் பற்றுகிற நாக்கிங் குறையும். நம் பங்க்குகளில் பல காலம் கிடைத்துவந்த சாதாரண பெட்ரோல் 91 ஆக்டேன். சித்திரை வெயிலில் இன்டர்கூலரும் சூடாகிக் கிடக்கும். நாக்கிங்கை உணர்ந்ததும் வண்டியின் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும். அப்போது போவது பூஸ்ட் அல்ல, அதைக் காட்டிலும் அருமையான இழுவை. ஜெர்மனியின் குளிரில் 98 ஆக்டேன் குடித்து ஓடுகிற காரைவிட நம் ஊரில் ஓடுகிற காருக்குத்தான் தாராளமான டவுன்பைப் அதிகம் தேவை என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

கம்பெனிக்காரர்கள் முட்டாள்களா?

இல்லை. இவ்வளவு தெரிந்தவர்கள் ஏன் குறுகலாக வைத்தார்கள் என்றால், அவர்கள் பல பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. காலையில் வண்டியைக் கிளப்பியதும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் 250, 300 டிகிரியைத் தொட்டால்தான் வேலை செய்யத் தொடங்கும். அதைச் சீக்கிரம் சூடாக்க டர்போவுக்கு நெருக்கமாகச் சின்னதாக வைக்க வேண்டும். சத்த அளவு, விலை, இடம், ஒரே குழாயைப் பல மாடல்களுக்குப் பொருத்துகிற சிக்கனம் எல்லாம் சேர்ந்துகொண்டன.

டர்போவே சின்னது என்பதும் இதில் சேர்த்தி. 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் வந்தது. 1973-ல் பிஎம்டபிள்யூ 2002 டர்போ வந்து, எண்ணெய் நெருக்கடியில் மாட்டி, 1,672 வண்டிகளோடு நின்றுபோனது. ஆரம்பகால டர்போ கார்களில் மிதித்த பிறகு காத்திருக்க வேண்டும்; பிறகு திடீரென்று பாயும். அந்தக் குறையைத் தீர்த்து டர்போவைக் குடும்ப காருக்குக் கொண்டுவந்தது ஸ்வீடனின் சாப் நிறுவனம். 1977-ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டிய சாப் 99 டர்போவில், பேர் கில்பிராண்ட் முதலான பொறியாளர்கள் சின்ன டர்போவை வைத்து, அழுத்தம் மிஞ்சாமல் பார்த்துக்கொள்ள வேஸ்ட்கேட் என்ற வடிகால் வால்வையும் சேர்த்தார்கள். உச்சவேகத்தை ஓரளவு விட்டுக்கொடுத்து, தினசரி ஓட்டுகிற வேகத்தில் இழுவையை வாங்கிக்கொண்டார்கள். ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் இருக்கும் கே03 டர்போ அந்த வழியில் வந்ததுதான். சின்ன டர்பைன் என்பதால் அதற்கு முன்னால் அழுத்தம் ஏற்கெனவே கூடுதல். பின்னால் ஒரு குறுகிய குழாயும் வைத்தால் சுமை இரட்டிப்பு.

முதலில் ரப்பர்

இப்போது சொல்வதுதான் இந்தக் கட்டுரையிலேயே அதிகக் காசை மிச்சப்படுத்தும். இருபது வயது டர்போ காரில் புது பைப் போடுவதற்கு முன், அந்த வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோது கொடுத்த 150 குதிரைத்திறனை இன்றைக்கும் கொடுக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கொடுக்காது.

இந்த 1.8 லிட்டர் டர்போ இன்ஜினின் நோய்கள் உலகறிந்தவை. இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஓடுகிற சின்னச் சின்ன வேக்குவம் ஹோஸ்கள் சூட்டில் வெந்து விரல்பட்டால் உதிரும். கிராங்க்கேஸ் ஆவியைக் கொண்டுபோகும் ரப்பர்கள் எண்ணெயில் ஊறிப் பிளந்திருக்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது அழுத்தத்தைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வுக்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. அது கிழிந்தால் பூஸ்ட் ஒழுகும், வண்டி தளர்ந்து ஓடும், ஓட்டுநருக்குக் காரணமே புரியாது. டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் இரும்புக் குழாய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை உரசினாற்போல் போவதால் உள்ளே ஆயில் கருகி அடைத்துக்கொள்ளும். அப்படி அடைத்த குழாயோடு பூஸ்டைக் கூட்டினால் முதலில் போவது டர்போவின் பேரிங். நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் தண்டை ஆயில் படலம் ஒன்றுதான் தாங்கிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. வார்ப்பிரும்பு, சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து வெடிப்பு விடும். ஸ்டட்கள் துருவேறி முறியும். டர்பைனுக்கு முன்னால் உள்ள வெடிப்பில் கசிகிற ஒவ்வொரு மூச்சும் டர்பைனைச் சுற்றாமல் வீணாகிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் நின்றுபோகிற சத்தம் இதன் அடையாளம். பின்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரும் அந்த வெடிப்பு வழியாக உள்ளே வரும் காற்றால் ஏமாந்து, கலவையில் பெட்ரோல் குறைவு என்று தப்பாகச் சொல்லும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் போகும்.

புகை போட்டுச் சோதிக்கும் ஸ்மோக் மெஷின் இப்போது சென்னை, கோவையிலுள்ள நல்ல ஒர்க்‌ஷாப்புகளில் இருக்கிறது. அரை நாள் வேலை. கசிவுகளை எல்லாம் அடைத்து, வேக்குவம் ஹோஸ்களை முழுக்க சிலிகான் ஹோஸாக மாற்றி, டைவர்ட்டர் வால்வைப் புதிதாகப் போட்டதும் வண்டியை ஓட்டிப் பாருங்கள். தொலைந்துபோன இருபது முப்பது குதிரைகள் லாயத்துக்குத் திரும்பியிருந்தாலும் வியப்பதற்கில்லை. சிலர் அத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அது நல்ல முடிவு.

அளந்த பிறகு அறுங்கள்

டவுன்பைப்பை மாற்றலாமா என்பதை யூகத்துக்கு விட வேண்டாம். டர்போவுக்குப் பின்னால் கன்வர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிறது. அதைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு நிப்பிளைப் பொருத்தி, செம்புக் குழாய் இழுத்து அழுத்தமானியை மாட்டலாம். செம்பு எதற்கென்றால் ரப்பர் உருகிவிடும். ஆளில்லாத நேராக நீண்ட ரோட்டில் அல்லது டைனோவில், முழு ஆக்ஸிலரேட்டரில் 5,500 ஆர்பிஎம் வரை போய், முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 0.3 பாருக்கு மேல் காட்டினால் உள்ளே அடைப்பு உண்டு. 0.1 பார் பக்கத்தில் இருந்தால் குழாயில் குறையே இல்லை. பணத்தை வேறு எதற்காவது வையுங்கள்.

அடைப்பு தெரிந்தால் அடுத்த கேள்வி, குழாயிலா கன்வர்ட்டரிலா? கன்வர்ட்டருக்கு அடுத்தும் ஒரு சென்சார் துளை உண்டு. அங்கேயும் அளந்து இரண்டையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். பழைய வண்டிகளில் குற்றவாளி பல நேரம் கன்வர்ட்டரே. எப்போதோ ஒரு இக்னிஷன் காயில் செத்து, எரியாத பெட்ரோல் உள்ளே போய்ப் பற்றி, பீங்கான் தேன்கூட்டை உருக்கியிருக்கும். இந்த இன்ஜினில் காயில்கள் சாவது சகஜம்.

இங்கேதான் தவறான அறிவுரை வரும். 'கேட்டைக் கழற்றிக் கடாசிவிட்டு நேர் பைப் போடலாம் சார்' என்பார்கள். செய்யாதீர்கள். சட்டத்தைப் பிறகு பேசுவோம். அந்தப் பெட்டி செய்யும் வேலையை முதலில் பார்ப்போம். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தக் கூடு சூடான நிலையில் கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் மூன்றிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மாற்றிவிடுகிறது. அதை எடுத்துவிட்ட ஒரு கார், சிக்னலில் நிற்கும்போது பக்கத்தில் ஸ்கூட்டரில் குழந்தையை முன்னால் நிறுத்தியிருப்பவரின் முகத்துக்கு நேராக எதை விடுகிறது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு கன்வர்ட்டர் கட்டாயமானது; ஈயம் கலக்காத பெட்ரோல் அதற்காகவே அந்த நகரங்களுக்கு வந்தது. போராடிப் பெற்ற அந்தக் காற்றை ஐந்து குதிரைத்திறனுக்காக விற்க எனக்கு மனம் வராது.

தியாகம் செய்யவும் தேவையில்லை என்பதுதான் செய்தி. பழைய கன்வர்ட்டர்களில் சதுர அங்குலத்துக்கு 400 அறைகள் இருப்பது வழக்கம். உலோகத் தகட்டால் செய்த 200 அறை கன்வர்ட்டர்கள் கிடைக்கின்றன. அகலமான ஒன்றை வாங்கி, டர்போவிலிருந்து தூரம் போகாமல் பழைய இடத்திலேயே வைத்தால் அழுத்த இழப்பு வெகுவாகக் குறையும். புகையும் கட்டுக்குள் இருக்கும். விலை கூடுதல்தான். பின்பக்க சைலன்சருக்கு வைத்திருந்த பணத்தை இதில் போடுங்கள். மலிவாகக் கிடைக்கிற 'ஸ்போர்ட்ஸ் கேட்' சிலவற்றில் விலையுயர்ந்த உலோகப் பூச்சு பெயருக்குத்தான் இருக்கும். சில மாதத்தில் வெறும் சல்லடையாகிவிடும். எந்தப் புகைச் சான்று பெற்றது என்று எழுத்தில் காட்டாதவரிடம் வாங்காதீர்கள். இரண்டாவது சென்சாரை ஏமாற்ற நீளமான ஸ்பேசர் போட்டு எச்சரிக்கை விளக்கை அணைக்கிறவர்களும் உண்டு. அது காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காமல் தெர்மாமீட்டரை உடைக்கிற வேலை.

இரண்டரையா, மூன்றா?

கே03 டர்போவோடு ஓடுகிற ஆக்டேவியாவுக்கு 2.5 அங்குலம் போதும் என்பது என் கருத்து. கம்ப்யூட்டரை ரீமேப் செய்தாலும் அந்தச் சின்ன டர்போ 180, 190 குதிரைத்திறனுக்கு மேல் நிம்மதியாகத் தராது. அந்த அளவு வாயுவுக்கு இரண்டரை அங்குலம் தாராளம். மூன்று அங்குலத்தைத் தரைக்கு அடியில் இழுத்தால் பின் அச்சின் குறுக்குச் சட்டத்தைத் தாண்டுகிற இடத்தில் இடம் பற்றாது. எங்கோ ஒரு நகராட்சி இரவோடிரவாகப் போட்ட வேகத்தடையில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போகும்போது குழாய் இடிக்கும். இடித்து நசுங்கிய மூன்றங்குலத்தைவிட முழுசாக இருக்கும் இரண்டரை மேல். டர்போவை விட்டு வெளியே வரும் முதல் ஓரடியை மட்டும் மூன்றாக வைத்து, கன்வர்ட்டருக்குப் பிறகு இரண்டரையாகக் குறுக்குவது வாயுவின் இயல்போடு ஒத்துப்போகிற வழி. சூடாக இருக்கும் இடத்தில் அகலம், ஆறுகிற இடத்தில் அளவு.

வளைவுகளைக் கவனியுங்கள். தெருவோர சைலன்சர் கடைகளில் குழாயை அப்படியே மெஷினில் வைத்து நெரித்து வளைக்கிறார்கள். வளைவின் உட்பக்கம் சுருங்கி, இரண்டரை அங்குலக் குழாய் அந்த இடத்தில் இரண்டாகிவிடும். உள்ளே மேண்ட்ரல் என்ற உருளையை விட்டு வளைத்தால் விட்டம் மாறாது. தயாரான மேண்ட்ரல் வளைவுகளை வாங்கி ஒட்டவைப்பதே நல்ல ஒர்க்‌ஷாப்பின் பழக்கம்.

எந்த உலோகம் என்பதில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு வசதி அதிகம். பால் பண்ணை, உணவு ஆலைகளுக்காக 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் எல்லா அளவிலும் கிடைக்கிறது. அதை ஆர்கான் வெல்டிங்கில் சுத்தமாக இணைக்கத் தெரிந்த கைகள் கோவையில் ஏராளம். கடற்கரைக்காற்று உப்போடு அடிக்கிற சென்னையில் சாதாரண இரும்புக் குழாய் சில வருஷங்களில் பொத்துவிடும் என்பதால் 304-ஐ எல்லாரும் விரும்புகிறார்கள். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. 500 டிகிரி சூடேறினால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 9 மில்லிமீட்டர் வரை நீளும். கம்பெனி பயன்படுத்தும் 409 ரகம் இவ்வளவு நீளாது. நீளும் குழாயை இறுக்கிக் கட்டினால் அது வெல்டிங்கில் விரிசல் விட்டோ மேனிஃபோல்டை இழுத்தோ பழி வாங்கும்.

குறுக்கே வைத்த இன்ஜின் வேறு ஒவ்வொரு கியரிலும் முன்னும் பின்னும் அசைகிறது. ஆகவே டவுன்பைப்புக்குக் கீழே பெல்லோஸ் என்கிற நெளிவுக் குழாய் கட்டாயம். பின்னல் உறை உள்ளேயும் வெளியேயும் இருக்கிற நீளமான ஒன்றாகப் போடுங்கள். தொங்கவிடும் ரப்பர்களும் புதிதாக இருக்கட்டும். வெல்டிங் செய்யும்போது குழாயின் உட்பக்கத்திலும் ஆர்கான் வாயு நிரப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் உள்விளிம்பில் கருப்பு மணல்போல் ஆக்சைடு படிந்து, பிற்பாடு அங்கேதான் உடையும். ஒட்டி முடித்த துண்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாலே வெல்டரின் தரம் தெரிந்துவிடும்.

சூட்டுக்கு எதிராகக் குழாயைச் சுற்றிக் கட்டுகிற நாடாவை டவுன்பைப்பில் மட்டும் கட்டலாம். பழைய இரும்புக் குழாயில் கட்டினால் ஈரம் தங்கி அரித்துவிடும்.

சத்தம் வேண்டாம் என்பவர்களின் பக்கம்

நான் அந்தப் பக்கம். டர்பைன் சத்தத்தை இயல்பாகவே தின்றுவிடுவதால் டர்போ கார் அமைதியாக ஓடி வேகமாகப் போகிற பிறவி. அந்த அமைதிதான் அதன் அழகு. நடுவில் ஒரு ரெசனேட்டர், கடைசியில் நேர் துளையும் சுற்றிலும் கண்ணாடி நாரும் வைத்த சைலன்சர், இரண்டையும் சரியான அளவில் போட்டால் வாயுவுக்குத் தடையில்லை, தெருவுக்கும் தொல்லையில்லை.

நெடுஞ்சாலையில் காதைக் குடைகிற 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் பெரிய குழாய் போட்ட எல்லாருக்கும் வரும். நான்கு சிலிண்டர் இன்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு நூறு முறை வெடிக்கிறது. அந்த 100 ஹெர்ட்ஸ்தான் காருக்குள் எதிரொலிக்கிறது. குழாயின் பக்கவாட்டில், மறுமுனை அடைத்த 1.2 மீட்டர் கிளைக்குழாய் ஒன்றை ஒட்டினால், அதற்குள் போய்த் திரும்பும் அலை எதிர் அலையாக வந்து சேர்ந்து ரீங்காரத்தை அடித்துவிடும். 300 டிகிரி வாயுவில் ஒலி நொடிக்கு 480 மீட்டர் போவதை வைத்துப் போட்ட கணக்கு அது. எந்த ஆர்பிஎம்மில் உங்கள் வண்டி முனகுகிறது என்று குறித்துக்கொண்டு போய்ச் சொன்னால், கணக்குத் தெரிந்த ஃபேப்ரிகேட்டர் நீளத்தைத் திருத்திக்கொடுப்பார்.

காலை எடுக்கும்போது 'பட் பட்' என்று வெடிக்கிற மாதிரி ரீமேப் செய்து தருகிறார்கள். பெட்ரோலை எக்ஸாஸ்ட்டில் கொண்டுபோய் எரிப்பதுதான் அந்த வெடி. கன்வர்ட்டரின் ஆயுளைக் குடிக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு அந்தச் சத்தம் கேட்டு எழுந்துகொள்கிற முதியவரை நான் அறிவேன். குடியிருப்புப் பகுதியில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல் என்று 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. வேகத்தை ரசிக்க நமக்கு இடம் இல்லாமல் இல்லை. சோழவரத்தின் பழைய போர்க்கால ஓடுதளத்தில் ஆயிரக்கணக்கானோர் நின்று பந்தயம் பார்த்த ஊர் இது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை வந்தது. விமான விபத்தில் 1995-ல் மறைந்த பந்தய வீரர் கரிவரதனின் பெயரில் கோவை செட்டிபாளையத்தில் இன்னொன்று நிற்கிறது. வண்டியின் முழு மூச்சையும் கேட்க ஆசைப்படுபவர்கள் அங்கே பாதை திறந்துவிடப்படும் நாட்களில் போகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே படித்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத பாகங்களைப் பொருத்திய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்றது. ஒலி, புகை அளவை மீறினால் 190-வது பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் லைசென்ஸ் இழப்பும் காத்திருக்கின்றன. சைலன்சர் இருந்தே ஆக வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120-வது விதி.

குழாயின் விட்டத்தை ஆர்.சி. புத்தகத்தில் யாரும் எழுதுவதில்லை, அதனால் பயமில்லை என்று சிலர் தைரியம் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். கன்வர்ட்டரும் சைலன்சரும் இருந்து, சத்தமும் புகையும் அளவுக்குள் இருந்தாலும், பார்க்கிற அதிகாரி கேள்வி கேட்கலாம். செய்வதை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டுச் செய்யுங்கள். மறைத்தால் விபத்தின்போது பணம் மறுக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும். பதினைந்து வருஷம் முடிந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டித்தான் ஆக வேண்டும். அந்தக் காலத்து கார்களுக்குப் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம் வரை விடுகிறார்கள். நல்ல கன்வர்ட்டர் உள்ள வண்டி இதைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டும். பெட்டியை எடுத்துவிட்ட வண்டி திணறும்.

மாட்டிய பிறகு

புது டவுன்பைப் மாட்டியதும் உடனே உற்சாகமாக மிதிக்காதீர்கள். பின்னால் தடை குறைந்ததால் டர்பைன் முன்னைவிட ஆவலாகச் சுழலும். வேஸ்ட்கேட்டின் துளை சிறியது. அதிக ஆர்பிஎம்மில் மிச்ச வாயுவை எல்லாம் திருப்பிவிட அதனால் முடியாமல் போகலாம். அப்போது பூஸ்ட் சொன்ன அளவில் நிற்காமல் மெல்ல ஏறிக்கொண்டே போகும். அளவு தாண்டியதை உணர்ந்த போஷ் மோட்ரானிக் கம்ப்யூட்டர் த்ராட்டிலை மூடி வண்டியைத் தற்காப்பு நிலைக்குத் தள்ளும். ஓவர்டேக் செய்துகொண்டிருக்கும்போது அது நடந்தால் ஆபத்து. லேப்டாப்பை மாட்டி, கேட்ட பூஸ்ட்டும் கிடைத்த பூஸ்ட்டும் ஒன்றாக இருக்கிறதா என்று மூன்றாவது கியரில் பதிவு எடுத்துப் பாருங்கள். ஏறுகிறது என்றால் டர்போவைக் கழற்றி வேஸ்ட்கேட் துளையை அரைத்துப் பெரிதாக்க வேண்டியிருக்கும். ரீமேப் அதற்கு அப்புறம்தான்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். சூட்டில் கேஸ்கெட் அமுங்கி, நட்டுகள் தளர்ந்திருக்கும். இன்னொன்று: கழற்றிய பழைய டவுன்பைப்பை ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அதனுள்ளே இருக்கும் பிளாட்டினத்துக்காக வாங்கிப்போகிறவர்கள் உண்டு, ஆர்.சி. புதுப்பிக்கும்போதோ வண்டியை விற்கும்போதோ உங்களுக்கு அது தேவைப்படலாம். எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, வீட்டுப் பரணில் போட்டு வையுங்கள்.